கமாலுத்தீன் கண்ட வானவில்

ஹிஜ்ரி 656-இல், அதாவது கி.பி. 1258-இல், தாத்தாரியர் பக்தாத் மாநகரைப் பாழாக்கினர். அத்துடன் முஸ்லிம்களின் அறிவுலகமே அஸ்தமித்துவிட்டது என்று நம் மேடைகளில் ஓயாது கூறப்பட்டு வருகிறது. பக்தாதின் வீழ்ச்சி ஈடுசெய்ய இயலாத இழப்பே. ஆயினும் அறிவுலகம் அன்றோடு முடிந்தது என்பது வரலாற்றுக்கு ஒவ்வாத கூற்று. மறு ஆண்டிலேயே, அந்நகரை அழித்த ஹுலாகுவின் பொருளுதவியைக் கொண்டே, ஈரானின் வடமேற்கிலுள்ள மராகாவில் ஒரு வானாய்வுக்கூடம் எழலாயிற்று. அதன் தலைவர் நஸீருத்தீன் தூஸி. எரித்தவன் கையிலிருந்தே ஆய்வுக்குப் பொருள் பெற்றமைக்காக அவரைக் குறை கூறுவோர் உண்டு, கூறட்டும். அக்கூடம் இல்லையேல் நாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகும் ஆய்வும் இல்லை.

தூஸியின் மாணவருள் ஒருவர் குத்புத்தீன் ஷீராஸி. தந்தை மறைந்ததும் பதினான்காம் வயதிலேயே ஷீராஸ் மருத்துவமனையில் கண் மருத்துவராக அமர்ந்தவர். பின்னர் வானியலிலும் தத்துவத்திலும் பெரும்புகழ் எய்தியவர். இவரிடம் பயின்றவரே கமாலுத்தீன் ஃபாரிஸீ (1267–1319).

ஒளிக்கதிர் காற்றிலிருந்து நீருக்குள் புகும்போது வளைவது பற்றி முன்னோர் சிலர் எழுதி வைத்திருந்தவை இளைஞர் கமாலுத்தீனுக்குப் பொருந்தி வரவில்லை. ஆசிரியரிடம் சென்று கேட்டார். ஆசிரியரோ உடனே விடை கூறிவிடவில்லை. தம் இளமையில் ஒரு நூலகத்தில் இப்னுல் ஹைதமின் பெருநூலொன்றைக் கண்டதாக நினைவுகூர்ந்து, தொலைதூரத்திலிருந்து அதனை வரவழைத்துக் கொடுத்தார். அதுவே, கி.பி. 1040-ஐ ஒட்டி கெய்ரோவில் காலமான அம்மேதையின் ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் ஒளியியல் நூல். விடைக்குப் பதிலாகக் கிதாபைக் கொடுத்த அந்த உஸ்தாதை எண்ணி எண்ணி வியக்கத் தோன்றுகிறது.

அந்நூலுக்குக் கமாலுத்தீன் எழுதிய விரிவுரையே ‘தன்கீஹுல் மனாஸிர்’. உரையென்றால் மூலத்தை வழிமொழிவது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வுரை அத்தகையதன்று. வானவில்லைப் பற்றி இப்னுல் ஹைதம், மேகம் ஒரு குழிந்த ஆடியைப் போன்று கதிரவனொளியைத் திருப்பி அனுப்புவதாகக் கருதியிருந்தார். கமாலுத்தீன் இம்முடிவை ஏற்கவில்லை. ஆனால் அதனை மறுப்பதற்கான கருவியை அதே பேராசானின் மற்றொரு சிறு நூலிலிருந்தே எடுத்தார். கண்ணாடிக் கோளத்தினூடே கதிர்கள் வளைந்து சென்று ஓரிடத்தில் குவிந்து எரிப்பதை ஆராய்ந்த நூல் அது.

மழைத்துளி மிகச் சிறியது. அதனுள் நிகழ்வதைக் கண்ணால் காண இயலாது. எனவே பெரியதொரு கண்ணாடிக் கோளத்தில் நீரை நிரப்பி, அதனையே ஒரு மழைத்துளியாகக் கொண்டார். இருட்டறையில் வைத்துச் சிறு துளை வழியே கதிரவனொளியை அதன்மீது விழச் செய்தார். கதிர் கோளத்துள் நுழைகையில் ஒருமுறை வளைகிறது. உட்சுவரில் ஒருமுறை பட்டுத் திரும்புகிறது. வெளியேறுகையில் மீண்டும் வளைகிறது. நாம் காணும் வில் இவ்வாறு தோன்றுவதே. சில வேளைகளில் அதற்கு மேலே மங்கலாய், நிறவரிசை தலைகீழாய் அமைந்து, இரண்டாவது வில்லொன்று தென்படுமே, அது உட்சுவரில் இருமுறை பட்டுத் திரும்பிய ஒளியால் விளைவது.

நிறங்கள் ஏன் பிரிகின்றன என்பதற்கு அவர் தந்த விளக்கம் நிறைவுடையதன்று. அதற்கு 1672-இல் நியூட்டன் தம் முப்பட்டகச் சோதனைகளை வெளியிடும்வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது.

எண்கணிதத்திலும் அவர் கை வைத்தார். 220-ஐ மீதமின்றி வகுக்கும் சிறிய எண்களைக் கூட்டினால் 284 வரும். 284-க்கு அவ்வாறே செய்தால் 220 வரும். இத்தகைய இணைகளை நேச எண்கள் என்பர். இவற்றைக் காணும் விதியொன்றை ஒன்பதாம் நூற்றாண்டில் தாபித் இப்னு குர்ரா வகுத்திருந்தார். அவர் முஸ்லிமல்லர், ஹர்ரான் நகரத்து ஸாபிஈ. அவ்விதிக்குப் புதிய நிறுவலொன்றைத் தந்த கமாலுத்தீன், 17,296, 18,416 என்னும் இணையையும் எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவில் இதே இணையை ஃபெர்மா அறிவித்தது 1636-இல்.

வானவில் ஆய்வு நடந்த அதே காலத்தில், ஜெர்மானியத் துறவியான ஃப்ரைபர்க் தியோடரிக்கும் நீர் நிரம்பிய கண்ணாடிக் குடுவையைக் கொண்டு ஏறத்தாழ அதே முடிவுகளுக்கு வந்தார். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. அவ்வாறு சொல்லிப் பெருமை தேடுவது நமக்குத் தேவையுமில்லை. இலத்தீனில் பெயர்க்கப்பட்டிருந்த இப்னுல் ஹைதமின் நூல் தியோடரிக்கின் உலகையும் எட்டியிருந்தது. ஒரே ஊற்றின் நீர் இரு திசைகளில் பாய்ந்தது எனலாம்.

தன்கீஹோ இலத்தீனுக்குச் செல்லவில்லை. நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்த அந்நூல், 1928-க்கும் 1930-க்கும் இடையில் இரு பாகங்களாக அச்சேறியது. அச்சிட்டது கெய்ரோவுமன்று, தெஹ்ரானுமன்று. நம் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப்.