ஊவாவின் வானலையும் தோட்டத் தொழிலாளர் குரலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்து வானொலியின் வரலாறு பெரும்பாலும் கலைஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அறிவிப்பாளர், நாடகாசிரியர், இசைவாணர் ஆகியோர் அதில் தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளனர். ஆனால் வானொலியைக் கேட்டவர்கள் யார், எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் வாழ்ந்துகொண்டு அதனைக் கேட்டனர், கேட்பவராக மட்டுமன்றிப் பேசுபவராகவும் ஆவதற்கு அவர்களுக்கு எப்போது வாய்ப்புக் கிட்டியது என்பன போன்ற வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களை, சிறப்பாகப் பதுளை மாவட்டத்தை, மையமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஏறத்தாழ 8 இலட்சம் மக்கள் வாழ்ந்த இம்மாவட்டத்தில், 18 சதவீதத்தினர் 'இந்தியத் தமிழர்' எனப் பதிவாகியிருந்தனர்.

சமூக நீதி, அரசியல், வரலாறு ஆகியவற்றை ஒரு பிரதேசத்து மக்கள் தமது மொழியிலேயே விவாதிக்கும் பொது விவகார ஒலிபரப்பினை வெறும் தொழில்நுட்ப வசதியாகக் கொள்ளலாகாது. யார் 'பொது' என்னும் வரம்புக்குள் அடங்குகின்றனர் என்பதை அது வெளிப்படுத்துகின்றது. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை அந்த வரம்பே நீண்டகாலம் அவர்களுக்கு எதிராக வரையப்பட்டிருந்தது. எனவே, பேசும் சாதனத்தின் உடைமையை நிலம், கூலி, குடியுரிமை ஆகியவற்றின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்க முடியாது.

1. தோட்டத்தின் ஒலியொழுங்கு

வானொலி வருவதற்கு முன்னரே பெருந்தோட்டத்தில் ஓர் ஒலியொழுங்கு நிலவியது. விடியுமுன் எழும் தப்பொலி லயத்து மக்களைப் பிரட்டுக்கு அழைத்தது. பிரட்டுக் களத்தில் துரையின் கட்டளை கணக்கப்பிள்ளை, கங்காணி ஆகியோர் வாயிலாகக் கீழிறங்கியது. பெயர் கூப்பிடுதல், மலை பிரித்துக் கொடுத்தல், கொழுந்தின் நிறை சொல்லுதல் யாவும் மேலிருந்து வந்த குரல்களே. தப்படித்தவர் தொழிலாளரேயாயினும் எப்போது அடிப்பது என்பதைத் தீர்மானித்தது நிருவாகமே. அதே தப்பு காமன் கூத்திலும் கோயில் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் ஒலித்தபோது மக்களின் சொந்தக் கருவியாயிற்று. ஒரே கருவி, அதனை ஆள்பவர் யார் என்பதற்கேற்ப வேறுபட்ட சமூகப் பயனைப் பெறுகின்றது என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது.

மேலிருந்து வந்த குரலுக்கு எதிர்க்குரலும் இருந்தது. கடன், கங்காணியின் கொடுமை, கடல் கடந்து வந்த துயரம் ஆகியவை நாட்டார் பாடல்களில் இடம்பெற்றன. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டியமை இலக்கியப் பணி மட்டுமன்று. வேறு பதிவேடற்ற ஒரு மக்களின் வரலாற்றுச் சான்றுகளைக் காத்த பணியுமாகும். எனினும் அப்பாடல்கள் ஒரு மலையின் அல்லது ஒரு லயத்தின் எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் ஒலித்தன. தோட்டம் தனியுடைமை, வெளியார் நுழைவது அத்துமீறல். தொழிலாளர் நிலையை அறிய விரும்பிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம்பூண்டு தோட்டங்களுக்குள் செல்லவேண்டியிருந்தது. செய்தி வெளியேறுவதற்கும் உட்புகுவதற்கும் இருந்த தடையை இந்நிகழ்வு தெளிவாக்குகின்றது.

2. அச்சும் மேடையும்

1924ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. கொழும்பில் வானொலிப் பரிசோதனைகள் இடம்பெற்றன. நடேசய்யரின் 'தேசபக்தன்' தோன்றியது. புகையிரதம் ஊவாவின் தேயிலையைத் துறைமுகத்துக்கு விரைவாகக் கொண்டுசென்றது. 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பாக வளர்ந்த வானொலி, வானொலிப் பெட்டி வாங்க வசதி படைத்தோரின் இல்லங்களையே முதலில் சென்றடைந்தது. மூன்றனுள் தொழிலாளரை நோக்கிப் பேசியது பத்திரிகை ஒன்றே. எழுத்தறிவு பரவாத சூழலில் பத்திரிகையின் எல்லையை உணர்ந்த மீனாட்சி அம்மையார், அரசியற் கருத்துகளை மக்களறிந்த மெட்டுகளில் அமைத்து மேடைதோறும் பாடினார். வானொலி செய்யத் தவறிய பொது விவகாரப் பணியை அன்று பாட்டே செய்தது எனலாம்.

1939, 1940ஆம் ஆண்டுகளின் வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டியபோது சமசமாஜக் கட்சியின் செல்வாக்கு இங்கு ஓங்கியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த சபையொன்றை அமைத்தனர்; அச்சபையைக் கலந்தாலோசித்து நடக்கத் தோட்டத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்டவென வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். இறுதியில் பொலிஸ் அடக்குமுறை அப்போராட்ட அலையை முறியடித்தது. அதற்கு வெள்ளப்பெருக்கும் துணையாயிற்று. ஒரு வாரத்துக்கு மேலாக ஊவா நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. பாதை அடைபட்டபோது துண்டுப் பிரசுரமும் மேடைப் பேச்சும் செயலிழந்தன. காற்றில் செல்லும் குரல் அன்றும் இருந்தது. ஆயின் அது காலனித்துவ அரசின் கையில் இருந்தது.

3. அரச வானொலியும் நாடற்றவரும்

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. இனவாதமாகத் தோன்றிய இந்நடவடிக்கையின் உள்ளே, இடதுசாரிகளின் பக்கம் சாயத் தொடங்கிய ஒரு தொழிலாள வர்க்கத்தைப் பாராளுமன்றத்திலிருந்து அகற்றும் வர்க்க நோக்கமும் இருந்தது.

இதே காலப்பகுதியிலேயே இலங்கை வானொலி பெரும்புகழ் பெறத் தொடங்கியது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1952இல் அகில இந்திய வானொலி திரையிசையைக் கட்டுப்படுத்தியபோது, கொழும்பிலிருந்து எழுந்த ஒலி பாக்குநீரிணையைக் கடந்து இந்தியாவெங்கும் நேயர்களையும், அவர்கள் வழியாக விளம்பர வருவாயையும் ஈட்டியது. இந்தியாவில் வாழ்ந்த இந்தியர் இலங்கை வானொலிக்குச் சந்தையாயினர். இந்தியர் எனப் பெயரிடப்பட்டு இலங்கையில் உழைத்தவரோ இரு நாடுகளுக்கும் உரியரல்லாதவராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அந்தப் பேச்சுவார்த்தைகளில் தொழிலாளர் விருப்பம் தீர்மானிக்கும் காரணியாகக் கொள்ளப்படவில்லை. தமது தலைவிதியைச் செய்தியாகக் கேட்பதே அவர்களுக்கு எஞ்சியது.

1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1967 ஜனவரியில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் உருவாகியது. பேசும் அதிகாரம் கொழும்பிலேயே குவிந்திருந்தது. இதற்கு மாற்றான முயற்சியொன்று 1980களில், டென்மார்க்கினதும் யுனெஸ்கோவினதும் உதவியுடன் மகாவலிக் குடியேற்றங்களில் மேற்கொள்ளப்பட்டது. ஒலிபரப்பாளர்கள் கிராமங்களில் தங்கி, விவசாயிகளின் பேச்சையே பதிவுசெய்தனர். அத்திட்டத்தின்கீழ் அமைந்த சிறு நிலையங்களுள் ஒன்றான கிராந்துருகோட்டை பதுளை மாவட்டத்திலேயே உள்ளது. காணி வழங்கப்பட்ட சிங்களக் குடியேற்றவாசிகளுக்கு மாவட்டத்தின் வடக்கே அவர்களது குரலும் ஒலிக்கலாயிற்று. காணியற்ற தோட்டத் தொழிலாளருக்கு மலைகளில் அத்தகைய நிலையம் அன்று அமையவில்லை. இதனை மொழிப் பாகுபாடு என மட்டும் விளக்குவது போதாது. சிறுவுடைமையாளரான விவசாயியை அரசு தன் அபிவிருத்தித் திட்டத்தின் பங்காளியாகக் கண்டது. தோட்டத் தொழிலாளியை உழைப்புச் சக்தியாக மட்டுமே கண்டது.

4. 2003: குடியுரிமையும் சமூக வானொலியும்

2003ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், நாடற்றவராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. அதே ஆண்டில், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் ஊவா சமூக வானொலி தொடங்கப்பட்டது. சட்டத்தால் குடிமக்களாக்கப்பட்டவர்கள், குடிமக்களாகப் பேசுவதற்கும் ஒரு சாதனம் அவர்களது மாகாணத்திலேயே தோன்றியது.

ஆயினும் அதன் அமைப்பினை உற்று நோக்கவேண்டும். நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கியது. சமூக வானொலிக்கென ஒரு தனியான அனுமதிப்பத்திர வகையை நாட்டின் சட்டம் ஏற்படுத்தியிருக்கவில்லை. தனியார் ஒலிபரப்புக்கான அனுமதி அமைச்சரின் கையில் இருந்தது. வானலை மக்கள் அனைவரின் நலனுக்காகவும் பயன்படவேண்டிய பொதுவளம் என்பதை உயர் நீதிமன்றம் 1997இல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது வலியுறுத்தியிருந்தது. அக்கோட்பாடு பெருமுதலுடைய தனியார் நிலையங்கள் பெருகுவதைத் தடுக்கவுமில்லை. உழைக்கும் மக்களின் அமைப்பொன்றுக்கு அலைவரிசையொன்றைப் பெற்றுக்கொடுக்கவுமில்லை. திட்ட நிதி கால எல்லைக்குட்பட்டது. அரச நிறுவனமோ அரசாங்க மாற்றத்துக்குட்பட்டது. இவ்விரண்டிலும் தங்கியிருக்கும் குரலை இரவற் குரல் என்றே கூறவேண்டும்.

ஜெர்மன் நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்ட் 1932இலேயே, வானொலி விநியோகக் கருவியாக மட்டும் இருப்பதை விடுத்து, கேட்பவரும் பேசும் இருவழித் தொடர்புக் கருவியாக மாறவேண்டும் என வாதிட்டார். ஊவாவின் அனுபவம் இவ்வாதத்துக்கு ஒரு திருத்தத்தை வேண்டுகின்றது. கேட்பவரை ஒலிவாங்கியின் முன் அமர்த்துவது மட்டும் போதாது. எதனைப் பேசுவது, எதனைப் பேசாது விடுவது என்னும் தீர்மானம் அவர் கைக்கு வரும்போதே அந்த மாற்றம் முழுமை பெறும்.

5. 'பொது விவகாரம்' என்பதன் பொருள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரிந்து லயங்களையும் அவற்றில் வாழ்ந்தோரையும் மூடியது. அந்நிலம் அபாயகரமானது என்பதையும் மக்கள் இடம்பெயர்க்கப்படவேண்டும் என்பதையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் தெரிவித்திருந்தது. அறிவு இருந்தது, அறிக்கை இருந்தது. ஆனால் போவதற்கு மாற்று நிலம் இல்லை. வேலையோடு லயமும், லயத்தோடு வேலையும் பிணைந்திருந்த குடும்பத்துக்கு, 'வெளியேறுக' என்னும் எச்சரிக்கை எத்துணை தெளிவாக ஒலித்தாலும் அது நடைமுறைப் பொருளற்றது. எச்சரிக்கையை வாசிக்கும் வானொலி ஒன்று. இவர்களுக்கு நிலம் ஏன் இல்லை என்று நாள்தோறும் கேட்கும் வானொலி மற்றொன்று. இரண்டாவதே பொது விவகார வானொலியாகும்.

தோட்டம் நீண்டகாலம் சட்டப்படியே பொதுவுக்கு வெளியில் வைக்கப்பட்டிருந்தது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. வாக்களித்த மக்கள், தாம் தேர்ந்த சபையிடமிருந்து ஒரு பாதையைக்கூட உரிமையுடன் பெறமுடியாதிருந்தனர். 2018இலேயே இச்சட்டம் திருத்தப்பட்டது. இத்திருத்தத்தின் பொருளென்ன, சபையின் வரவுசெலவில் தோட்டத்தின் பங்கு எவ்வளவு, 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் எந்த அறிக்கையைக் கோரலாம் என்பவற்றை லயத்துத் தமிழில் விளக்குவது நிகழ்ச்சி நிரப்பும் வேலையன்று. சட்டத்தை வாழ்க்கையாக மாற்றும் வேலை.

சம்பளமும் அத்தகையதே. முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் கொழும்பில் பேசப்பட்டு வந்தது. 1000 ரூபாய் நாட்சம்பளம் பல ஆண்டு இழுபறியின் பின் 2021இல் வர்த்தமானி அறிவித்தல் மூலமே நடைமுறைக்கு வந்தது. கொழுந்து பறிப்பவர் இப்பேச்சின் கருப்பொருளாக இருந்தார், பேசுபவராக இருக்கவில்லை.

இனவுறவையும் இங்கு தவிர்க்கமுடியாது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபதுக்கும் மேற்பட்டோர், பொலிசார் காவலிருக்கவே கும்பலொன்றால் கொல்லப்பட்டனர். 2005இல் எஞ்சிய எதிரிகளையும் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கிராமத்துச் சிங்கள உழைப்பாளியும் தோட்டத்துத் தமிழ் உழைப்பாளியும் ஒருவர் வாழ்வை மற்றவர் வாயாலேயே அறியும் வழி அடைபட்டிருக்கும்வரை, அவ்விடைவெளியை வதந்தியே நிரப்பும். இருமொழியிலும் பேசும் ஊவா வானொலியின் தேவை இதிலிருந்தே எழுகின்றது.

6. பொலிவியாவின் பாடம்

பொலிவியாவின் ஈயச் சுரங்கத் தொழிலாளர் 1940களின் இறுதியிலிருந்து தமது சொந்த வானொலி நிலையங்களை நிறுவினர். சங்கங்கள் அவற்றை நடத்தின. தொழிலாளர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை அவற்றுக்கு வழங்கினர். 1967 ஜூனில் இராணுவம் சுரங்கக் குடியிருப்பைத் தாக்கியபோதும், 1980 ஜூலைச் சதிப்புரட்சியின்போதும் அந்நிலையங்கள் குறிவைக்கப்பட்டன. 1980இல் அவை ஒன்றோடொன்று தொடுத்து, இராணுவம் கைப்பற்றும்வரை செய்தி வழங்கின. 1985க்குப் பின் சுரங்கங்கள் மூடப்பட்டபோது பல நிலையங்களும் ஓய்ந்தன. தொழிலாளர் உடைமைகூடப் பொருளாதார அடித்தளத்தின் வீழ்ச்சியைத் தாண்டி நிற்பது கடினம் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

எனினும் ஒப்பீடு பயனுள்ளது. மலையகத்திலும் தொழிலாளர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சங்கச் சந்தா கழிக்கப்பட்டு வந்துள்ளது. அச்சந்தா பெரிய சங்கங்களை வளர்த்தது. பாராளுமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் உருவாக்கியது. ஆனால் பொலிவியாவிற் போன்று தொழிலாளர் பணத்தில் அவர்களே ஆளும் வானொலி இங்கு உருவாகவில்லை. அனுமதிப்பத்திரச் சட்டம் இதற்கொரு காரணம். மற்றொரு காரணம், தொழிலாளருக்காகப் பேசுவதைத் தம் தனியுரிமையாகக் கொண்ட தலைமைகளுக்கு, தொழிலாளர் தாமே பேசும் நிலையமொன்று அவசியமாகத் தோன்றாமையாகும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. சமூக வானொலிக்கெனத் தனியான அனுமதிப்பத்திரம் சட்டத்தில் இடம்பெறவேண்டும். அது தொழிலாளர், விவசாயிகள், பெண்கள் ஆகியோரின் அமைப்புகளுக்குக் கிட்டவேண்டும். நிகழ்ச்சிக் குழுவைப் பிரதேச மக்களே தேர்ந்தெடுக்கவேண்டும். தமிழும் சிங்களமும் அங்கு சமநிலையில் ஒலிக்கவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. தோட்டத்து முதியோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்து நூலகத்தில் அடுக்குவதோடு நில்லாது, அதனை அம்மக்களின் செவிக்கே மீண்டும் கொண்டுசேர்ப்பது நமது கடமை. 1940இல் வேவெஸ்ஸ தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுக்க வல்லவராக இருந்தனர். ஒரு வானொலி நிலையத்தை ஆளவும் அவர்களின் சந்ததியினர் வல்லவரே.