மதேராக் காட்டின் இருப்புப் பாதை

அமேசான் பேராற்றின் கிளையாகிய மதேரா, பிரேசிலின் மேற்குக் காடுகளினூடே பாய்வது. கரிபூனா முதலிய தொல்குடியினரின் தாயகம் அது. ஆற்றில் அருவிகள் பல குறுக்கிட்டமையால் பொலிவிய நாட்டு ரப்பர் கடலை எட்டுதல் அரிதாயிற்று. 1903-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரேசில் அங்கு 366 கிலோமீட்டர் இருப்புப் பாதை இட்டது. 1907-இல் தொடங்கிய வேலை 1912-இல் முடிந்தது. பல நாட்டுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மலேரியா முதலிய நோய்களுக்கு இரையாயினர். மருத்துவமனை ஏட்டில் ஏறிய சாவுகளுக்கே கணக்குண்டு. காட்டில் விழுந்தோருக்கு ஏது ஏடு?

பாதை முடிந்ததும் ரப்பர் விலை சரிந்தது. காரணம் நம்மவர் அறிந்த மலாயாத் தோட்டங்களே. 1876-இல் விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகளின் வழிவந்த மரங்கள் அங்கே செழித்தன. அவற்றில் பால் வடித்தவருள் பெருந்தொகையினர் தமிழர். அவருள்ளும் காய்ச்சலில் மாண்டோர் பலர்.

மதேராப் பாதை 1972-இல் மூடப்பட்டது. கரிபூனா மக்களோ, மிகச் சிலராய் அக்காட்டிலேயே இன்றும் வாழ்கின்றனர்.