இன்ஜினுக்குள் தீ எப்படி எரியுது? கம்ப்யூட்டர் காட்டும் படம்!

மந்தைவெளி சிக்னலில் பச்சை விழுந்ததும் பைக்கை முறுக்குகிறீர்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், அந்தச் சின்ன சிலிண்டருக்குள் நொடிக்கு 25 முறை தீ பற்றி அணைகிறது. ஒவ்வொரு தீயும் சில மில்லி செகண்டுகள்தான். மைலேஜ், பிக்கப், புகை எல்லாமே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் முடிவாகுது. உலோகச் சுவருக்குள் நடக்கும் இதை எப்படிப் பார்ப்பது?

கணக்குப் போட்டுத்தான்! இந்த முறைக்குப் பெயர் சி.எஃப்.டி. காற்றும் எரிபொருளும் எப்படி ஓடும், எங்கே கலக்கும், எப்படி எரியும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணிப்பது.

எப்படி வேலை செய்யுது?

சிலிண்டரின் உள்வெளியை லட்சக்கணக்கான குட்டிக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு காற்று வந்தது, எவ்வளவு வெளியே போனது, வேகம் என்ன, வெப்பம் என்ன என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். பிறகு நேரத்தைத் துளி நகர்த்தி, மறுபடி அதே கணக்கு.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஏதாவது ஒரு மூலையில் காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். சூடு எகிறினால் நைட்ரஜன் ஆக்சைடுகள். எந்த மூலை என்று திரையில் தெரிந்துவிட்டால், பிஸ்டனின் வடிவத்தை அங்கேயே மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது பிஸ்டன் செய்ய வேண்டாம்!

பக்கத்திலேயே ஓர் ஆய்வகம்

மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலத்தைத் தாண்டினால், சர்தார் படேல் சாலையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ். எரிதல் ஆராய்ச்சிக்கான தேசிய மையம் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. இங்கே வளர்ந்த ஸ்டார்ட்அப்தான் அக்னிகுல். ஒரே துண்டாக 3டி பிரின்ட் செய்த இன்ஜினுடன் அதன் ராக்கெட், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது.

ராக்கெட் இன்ஜினில் தீ சீராக எரியாவிட்டால் அழுத்தம் தாறுமாறாக அதிர்ந்து, இன்ஜினே சிதறலாம். 1960-களில் நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 இன்ஜினில் இதைச் சரிசெய்ய, நாசா சுமார் 2,000 முறை எரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று பல டிசைன்களைத் திரையிலேயே கழித்துவிடலாம்.

அப்படியே நம்பலாமா?

கூடாது. தீக்குள் இருக்கும் ஒவ்வொரு குட்டிச் சுழலையும் முழுசாகக் கணக்கிட சூப்பர் கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும். அதனால் பல இடங்களில் தோராயம்தான். அந்தத் தோராயம் தப்பென்றால், கலர் கலரான அழகான படம் வரும். விடை தப்பாக இருக்கும். அதனால் கடைசியில் நிஜ இன்ஜினை ஓட்டித்தான் உறுதி செய்வார்கள்.

கத்துக்க ஆசையா? ஓபன்ஃபோம் என்ற மென்பொருள் இலவசம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் சி.எஃப்.டி. வகுப்புகள் என்.பி.டெல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் ஒரு குழாயில் தண்ணீர் ஓடுவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். தீயை அப்புறம் பற்ற வைக்கலாம்!