தலைப்பாகை கழற்றாத கிழவர்

என் பாட்டி தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி இரண்டு செய்திகள்தான் சொல்லுவார். அவர் சிங்கப்பூரில் வெள்ளைக்காரர்களின் பெரிய தேவாலயத்தைக் கட்டிய கொத்தனார். வீட்டுக்குள்ளும் தலைப்பாகையைக் கழற்றவே மாட்டார்.

மேற்படிப்புக்காக லண்டன் வந்து இங்கேயே கணினித் துறையில் தங்கிவிட்ட நான், விடுமுறை நாட்களில் பிரிட்டிஷ் நூலகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களைப் புரட்டத் தொடங்கினேன். முதலில் அவரைக் கூலிகளிடையே தேடினேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வரலாற்றைப் படித்ததும் தேட வேண்டிய இடம் வேறு என்று புரிந்தது. 1856க்கும் 1861க்கும் இடையில் அதைக் கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து தீவாந்தர தண்டனை பெற்று வந்த கைதிகள்.

1825இல் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து கப்பல் கப்பலாக வந்தார்கள். காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், செங்கல் சுட்டார்கள். தேவாலயச் சுவருக்குப் பூசியது நம் ஊர்ச் சாந்து: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். நன்னடத்தை உள்ள கைதிகளையே மற்றவர்களுக்குக் காவலாக வைத்தார்கள். படிப்படியாக மேல்வகுப்புக்கு ஏறியவர்கள் அனுமதிச் சீட்டுப் பெற்று, வெளியில் சம்பாதித்துக் குடும்பமும் நடத்தினார்கள். 1873இல் அங்கிருந்த சிறைக் குடியேற்றத்தை மூடி, எஞ்சிய கைதிகளை அந்தமானுக்கு அனுப்பியபோது, விடுதலை பெற்றிருந்த பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

தலைப்பாகைக்கான காரணம் ஒரு சட்டத்தில் இருந்தது. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில், குற்றத்தை அவரவர் மொழியில் பச்சை குத்தும் வழக்கம் 1849 வரை இருந்தது. தப்பி ஓடினாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கணக்கு. விடுதலையானாலும் எழுத்து அழியாது. நெற்றியை மறைக்கத் துணி ஒன்றுதான் வழி.

பட்டியல்களில் அவர் பெயரில் தஞ்சாவூர்க்காரர்கள் மூவர் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றும் மூன்று விதம். இருவர் கொள்ளைக் கூட்டத்தில் இருந்தவர்கள், ஒருவர் கொலை செய்தவர். எங்கள் தாத்தா யார் என்று தீர்மானிக்க என்னிடம் வேறு தகவல் இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். "கொலைன்னா எழுதாதப்பா, பிள்ளைங்க படிக்கும்" என்றார். பச்சை குத்தியதைச் சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை.

"பாட்டி ஒரு தடவை சொல்லியிருக்காங்க. ஒரு பேரப்பிள்ளை விளையாட்டா அவர் தலைப்பாகையப் பிடிச்சு இழுத்துடுச்சாம். அவர் அதட்டக்கூட இல்லையாம். சுவரப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மறுபடி கட்டிக்கிட்டாராம்."

பிறகு அவரே, "சரி, எழுது" என்றார்.

எங்கள் வம்ச வரைபடத்தில் அவர் இடத்தில் மூன்று பதிவுகளையும் எழுதியிருக்கிறேன், குற்றங்களோடு. அவற்றின் கீழே, கொத்தனார் என்றும்.