படிதாண்டிய சாமி

கல்லில் வடித்த மூலவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பிரதிஷ்டை ஆனபின் அசையக் கூடாது. ஆனால் திருவிழா என்று வந்தால் சாமி தெருவுக்கு வர வேண்டுமே! பல்லவர் காலத்திலேயே இந்தத் தேவை எழுந்துவிட்டது. கருங்கல்லைத் தோளில் சுமந்து நான்கு வீதி சுற்ற யாரால் முடியும்? மரமோ மழைக்கும் கரையானுக்கும் தாங்காது. விடை தேன்கூட்டில் இருந்தது.

தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்துக் காய்ச்சி, ஸ்தபதி உருவம் பிடித்தார். மேலே காவிரி வண்டலைப் பூசினார். மெழுகில் கீறிய நகக்கண்வரை அப்படியே பதியும் நைசான மண் அது. காய்ந்த அச்சைச் சுட்டதும் மெழுகு உருகி வழிந்தது. வெற்றிடத்தில் செம்பு முதலான உலோகங்களின் கொதிக்கும் கலவை இறங்கியது. அச்சில் கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தாலும் போதும், வெடித்துவிடும். அத்தனை உழைப்பும் வீண். தப்பினால் அச்சை உடைத்துத்தான் சாமியை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான்.

பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவி கோயில் கோயிலாகச் செப்புத் திருமேனிகளைக் கொடுத்தார். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தந்த திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் கணக்கில் கல்வெட்டிலேயே பொறித்துவைத்தார்கள். 1311இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூரின் படை தெற்கே வந்தது. தூக்கவென்று செய்த சாமியை அவசரத்துக்கு ஒளிக்கவும் முடியும் என்பது அப்படிப்பட்ட காலங்களில்தான் புரிந்தது. பல திருமேனிகள் மண்ணுக்குள் போயின. திருவெண்காட்டு ரிஷபவாகனர் வெளியே வர 1951 ஆயிற்று.

தூக்கக்கூடிய சாமியால் கடலையும் தாண்ட முடியும்.

மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த செட்டிகள் தமிழைக்கூட மறந்து மலாய் பேசினார்கள், சாமியை மட்டும் விடவில்லை. 1781இல் டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் தெய்வநாயகம் செட்டி பொய்யாத விநாயகருக்குக் கோயில் எழுப்பினார். அதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் என்ற சீன வணிகர் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அது. அடுத்த சில ஆண்டுகளில் தோட்டங்கள் பெருகின, தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் இறங்கினார்கள். பால்மரக் காட்டில் அவர்களின் முதல் சாமி பெரும்பாலும் மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம். கோயில் வளர்ந்ததும் அதே பழைய கேள்வி வந்தது: திருவிழாவுக்கு யாரை வெளியே அழைத்துப் போவது?

அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தவர்தான் உற்சவர். இன்றும் மாசி மகத்துக்கு மலாக்கா விநாயகர் கோயிலிலிருந்து முருகன் ரதமேறி, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகிறார். கல்லாய் அமர்ந்த அண்ணன் கோயிலிலேயே இருந்துவிடுகிறார். உலகைச் சுற்றும் வேலை இங்கேயும் தம்பிக்குத்தான்.