ரயில் இன்ஜினுக்கு டர்போ தேர்ந்த வரலாறு

சங்க மலர்களில் கோயில், கல்வெட்டு, காப்பியம் பற்றிய கட்டுரைகள் வருவதே வழக்கம். அடியேனும் அவ்வகைப் பொருள்களையே எழுதி வந்தவன். இந்த மலருக்கு ஓர் இயந்திர உறுப்பின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. வங்கத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் ஹௌரா–சென்னை வண்டியில் ஏறி இறங்காத குடும்பம் இருக்கிறதா? மெட்ராஸ் மெயிலும், 1977-இல் வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸும் நமக்குத் தாய்வீட்டு வாசற்படி மாதிரி. வழி முழுவதும் மின்கம்பி வராத காலத்தில், சுமார் 1,660 கிலோமீட்டர் தூரத்தில் பெரும்பகுதி நம்மை இழுத்துச் சென்றது டீசல் இன்ஜின். அது எப்படி மூச்சு விட்டது, அந்த மூச்சுக் கருவியை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து, கேனிங் தெருவில் பேரிங்கும் கேஸ்கெட்டும் விற்றுப் பிழைத்தவன். கடைக்கு வந்த ஃபிட்டர்களிடமும், பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய நூல்களிலும் கற்றதைக் கொண்டு எழுதுகிறேன். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் கார் இன்ஜினில் கை வைக்கிறார்கள். "மாமா, இருக்கிறதிலேயே பெரிய டர்போவா மாட்டிட்டா வண்டி பறக்கும்தானே?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படும்.

மூச்சுக் கணக்கு

இன்ஜினில் டீசல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரியக் குறைந்தது பதினான்கரை கிலோ காற்று தேவை. நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தால்தான் புகையில்லாமல் எரியும், உள்ளே உலோகமும் வேகாமல் இருக்கும். நம் வண்டிகளை இழுத்த டபிள்யூ.டி.எம்-2 என்ற இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,000 சுற்று. முழுத் திறனில் மணிக்கு ஏறக்குறைய 430 கிலோ டீசல் குடிக்கும். அப்படியானால் மணிக்குச் சுமார் 12 டன் காற்று வேண்டும். ஆனால் அதன் சிலிண்டர்கள் தாமாக இழுத்தால் 6 டன்கூட உள்ளே போகாது. மீதியை யாராவது திணிக்க வேண்டும். திணிப்பதுதான் டர்போ.

வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. இவ்வளவுதான் விஷயம். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் அந்த அச்சைத் தாங்குவது சின்னஞ்சிறு பேரிங்குகள். என் தொழில் சம்பந்தம் அங்கேதான் வருகிறது. இந்த யோசனைக்கு 1905-இல் உரிமம் பெற்றவர் ஆல்ஃபிரட் பூகி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். அந்நாட்டின் பிரவுன் பொவேரி நிறுவனம் 1924-இல் தன் முதல் டர்போவைச் செய்தது. அந்தப் பரம்பரையில் வந்த கருவி பின்னாளில் நம் ரயிலில் ஏறியதை மேலே சொல்கிறேன்.

1962: இரண்டு மாப்பிள்ளைகள்

நீராவி இன்ஜினுக்கு அடுத்து எது என்ற கேள்வி எழுந்தபோது, 1962-இல் அமெரிக்காவிலிருந்து இரண்டு வகை டீசல் இன்ஜின்கள் வந்தன. ஒன்று ஆல்கோ கம்பெனியின் டபிள்யூ.டி.எம்-2. மற்றது ஜெனரல் மோட்டார்ஸின் டபிள்யூ.டி.எம்-4. இரண்டுக்கும் திறன் 2,600 குதிரைதான். மூச்சு விடும் முறையில்தான் வேறுபாடு.

ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் இரண்டு வீச்சு வகை. அதனால் தானாகக் காற்றை இழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே அதன் டர்போவைப் பல்சக்கரத்தோடு இணைத்திருந்தார்கள். வேகம் குறைவாக இருக்கும்போது இன்ஜினே டர்போவைச் சுற்றும். புகையின் வேகம் ஏறியதும் ஒரு கிளட்ச் விடுபட்டு, புகையே சுற்றிக்கொள்ளும். ஆல்கோ நான்கு வீச்சு வகை. அதில் பல்சக்கரம் கிடையாது, புகை மட்டுமே சுற்றும். டிரைவர் கைப்பிடியை ஒரு நாட்ச் ஏற்றியவுடன் டீசல் உடனே பாயும். டர்போ வேகம் பிடித்துக் காற்று வந்து சேரச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில் கரும்புகை கக்கும். ஹௌராவிலிருந்து கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் வெள்ளைச் சட்டையில் அந்தப் புகையைக் கண்டிருப்பார்கள்.

1969 மார்ச்சில் தொடங்கிய முதல் ராஜதானி, புதுதில்லியையும் ஹௌராவையும் 17 மணி 20 நிமிடத்தில் இணைத்தது. அதை இழுத்தது டபிள்யூ.டி.எம்-4. ஆனால் அந்த வகையில் நாம் வாங்கியவை மொத்தம் 72 இன்ஜின்கள்தான். டபிள்யூ.டி.எம்-2 வகையோ 2,600-க்கு மேல் உருவானது. ஏன்? தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க ஆல்கோ முன்வந்தது, மற்றவர் முன்வரவில்லை என்றே ரயில்வே வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆல்கோவின் துணையோடு வாரணாசியில் 1961-இல் டீசல் இன்ஜின் தொழிற்சாலை அமைந்தது. அங்கே உருவான முதல் இன்ஜின் 1964 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

வியாபாரியாக எனக்கு இது நன்றாகப் புரிகிறது. சரக்கு கொஞ்சம் மேலானது என்றாலும், கைப்பக்குவத்தைச் சொல்லித்தராதவரிடம் காலமெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லித்தருபவரிடம் ஒருமுறை வாங்கினால் போதும். புகையைப் பொறுத்துக்கொண்டு வித்தையை வாங்கினார்கள்.

கற்றுக்கொடுத்தவர் கடையை மூடினார்

1969-இல் ஆல்கோ இன்ஜின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. அதன் 251 வகை எஞ்சின் சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் சந்திரனுக்குப் போன ராக்கெட்டை ஏவுதளத்துக்குச் சுமந்த மாபெரும் ஊர்தியிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான் இருந்தது. ஆனாலும் போட்டியில் ஆல்கோ நிற்க முடியவில்லை. குரு போய்விட்டார், ஓலைச்சுவடி மட்டும் சீடன் கையில்! இனி அந்த எஞ்சினை மேம்படுத்துவது நம்மவர் பொறுப்பாயிற்று.

எண்ணெய் விலை 1973-இல் ஏறியது, 1979-இல் மறுபடியும் ஏறியது. டீசல் மிச்சம் பிடிக்க வேண்டும், அதே சமயம் நீண்ட வண்டிகளை இழுக்கத் திறனும் கூட வேண்டும். லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பும் வாரணாசியும் சேர்ந்து இந்த வேலையில் இறங்கின. முதலில் கண்ணில் பட்டது பழைய ஆல்கோ டர்போதான். அதன் திறமை குறைவு; காற்றை அழுத்தும் அளவுக்கும் ஓர் எல்லை இருந்தது.

எதைப் பார்த்துத் தேர்ந்தார்கள்?

சோதனையில் தேறி இன்ஜினில் ஏறியவற்றில் முக்கியமானவை இங்கிலாந்தின் நேப்பியர் என்.ஏ-295, ஏ.பி.பி-யின் வி.டி.ஆர்-304. பிரவுன் பொவேரி 1988-இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து ஏ.பி.பி ஆயிற்று. ஜெனரல் எலெக்ட்ரிக் டர்போவும் பின்னர் சேர்ந்தது. தேர்வில் பார்க்க வேண்டியவற்றை நான் விளங்கிக்கொண்ட அளவில் நான்காகப் பிரிக்கிறேன்.

முதலாவது, அளவுப் பொருத்தம். ஒவ்வொரு டர்போவுக்கும் ஒரு வரைபடம் உண்டு. எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம், அந்த இடத்தில் எவ்வளவு திறமை என்று அது காட்டும். டர்போ பெரிதாகிவிட்டால், இன்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றோட்டம் போதாமல், அழுத்திய காற்று பின்னுக்குப் பாய்ந்து தும்மல் போட்டதுபோல் அதிரும். இதற்கு சர்ஜ் என்று பெயர். சிறிதாகிவிட்டால் முழு வேகத்தில் மூச்சு முட்டும். ரயில் இன்ஜினுக்கு எட்டு நாட்ச் உண்டு. சிக்னலுக்குக் காத்து நிற்கும் நேரமும் நிறைய. எட்டாவது நாட்சுக்கு மட்டும் அழகாக இருக்கும் டர்போ இங்கே உதவாது.

இரண்டாவது, உடன் இருப்பவர்களோடு பொருத்தம். டர்போவை மட்டும் மாற்றினால் பலன் பாதிதான். அழுத்தும்போது காற்று சூடாகும், சூடானால் அடர்த்தி குறையும். எனவே அதைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரைப் பெரிதாக்கினார்கள். டீசல் பம்பின் அளவை 15 மில்லிமீட்டரிலிருந்து 17-ஆக உயர்த்தினார்கள். கேம் ஷாஃப்டை மாற்றி, உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார்கள். அந்த நேரத்தில் புதுக்காற்று சிலிண்டரைக் கழுவி, வால்வையும் குளிர்விக்கும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளே வரும் காற்றின் அழுத்தம் வெளியே போகும் புகையின் அழுத்தத்தை விடக் கூடுதலாக இருந்தால்தான் இந்தக் கழுவல் நடக்கும். இல்லையென்றால் புகை உள்ளே திரும்பிவிடும். திறமையான டர்போ இருந்தால்தான் இந்தக் கேம் ஷாஃப்ட் பயன்படும். இந்தக் கேம் ஷாஃப்ட் இருந்தால்தான் அந்த டர்போவின் முழுப் பலனும் கிடைக்கும். கூடிய அழுத்தத்தைத் தாங்க எஃகுத் தலை வைத்த பிஸ்டன்கள் வந்தன.

மூன்றாவது, ஊர்ப் பொருத்தம். ஒடிசாவில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். 15 டிகிரி குளிரில் இருக்கும் காற்றை விட அந்தக் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைவு. ஐரோப்பாவில் சரியாக இருந்த கணக்கு பாலசோரில் சரியாக இருக்காது. புழுதி வேறு.

நான்காவது, பழுதுபார்ப்பவன் கைக்குப் பொருத்தம். நேப்பியரில் பேரிங்குகள் இரு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும். இன்ஜின் எண்ணெயே அவற்றுக்கும் போகும். அடக்கமான அமைப்பு. ஆனால் இன்ஜின் எண்ணெய் அழுக்கானால் டர்போவும் கெடும். வி.டி.ஆர் வகையில் பேரிங்குகள் அச்சின் இரு கோடியிலும் இருக்கும், தனி எண்ணெய். கோடியைத் திறந்து மாற்றுவது சுலபம். ஆனால் இரண்டு முனையிலும் எண்ணெயைக் கவனிக்க ஆள் வேண்டும். ஒரு ஷெட் ஃபிட்டர் என் கடையில் உட்கார்ந்து சொன்னார்: "இன்ஜினை நிறுத்தியதும் டர்போ எத்தனை விநாடி சுத்தி நிக்குதுன்னு காது வெச்சு எண்ணுவோம். சீக்கிரம் நின்னா பேரிங் போச்சுன்னு அர்த்தம்." எந்த வரைபடத்திலும் இல்லாத அறிவு இது.

இந்த மாற்றங்களின் பலனாக, ஒரு குதிரைத்திறன்-மணிக்கு சுமார் 166 கிராம் இருந்த டீசல் செலவு சுமார் 156 கிராமாக இறங்கியது. பத்து கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். 2,600 குதிரைத்திறனில் ஓடும் ஒரே இன்ஜினில் மணிக்கு 26 கிலோ, அதாவது சுமார் 30 லிட்டர் மிச்சம். நாடு முழுவதும் ஓடிய இன்ஜின்களுக்கு வாசகர்களே பெருக்கிப் பாருங்கள். அதே எஞ்சின் 1994-இல் 3,100 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது, 2003-இல் 3,300-க்கு. சிலிண்டரின் அளவு மாறவில்லை, மூச்சு மாறியது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரே கம்பெனியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. இரண்டு மூன்று பேரின் சரக்குக்கும் இடம் கொடுத்தார்கள். இதனால் ஷெட்டுகளுக்குப் பல வகை உதிரிபாகம் வைக்கும் தொல்லை உண்டுதான். ஆனால் ஒருவர் விலையை ஏற்றினாலோ கையை விரித்தாலோ வண்டி நிற்காது. பாராபஜாரில் மூன்று தலைமுறை கடை நடத்தியவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

முடிவுரை

1990-களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் மறுபடி இந்தியாவுக்கு வந்தது. 4,000 குதிரைத்திறன், அதே பல்சக்கர டர்போ. இம்முறை தொழில்நுட்பத்தையும் கொடுத்தார்கள், வாரணாசியிலேயே கட்டினோம். 1962-இல் கிடைக்காதது, முப்பது ஆண்டு சொந்தமாகக் கைபழகிய பிறகு கிடைத்தது. கற்றவனுக்குத்தான் மேலும் கற்றுக்கொடுப்பார்கள் போலும். சாலை வண்டிகளுக்கான டர்போக்களை, 1982-இல் தொடங்கிய சென்னையின் டர்போ எனர்ஜி நிறுவனம் ஜெர்மானியக் கூட்டுறவோடு செய்யலாயிற்று. அந்தப் பொருளும் நம் மண்ணில் வேர் பிடித்தது.

ஹௌரா–சென்னைப் பாதையில் இப்போது முழுதும் மின்சாரம். வாரணாசித் தொழிற்சாலை 2020-இல் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர் மாறி மின்சார இன்ஜின் கட்டுகிறது. ஆல்கோ இன்ஜின்கள் பெரும்பாலும் பழைய இரும்பாகிவிட்டன. இரும்பு போனால் போகட்டும். ஆனால் டர்போ நிற்கும் நேரத்தைக் காதால் எண்ணியவர்களும், கேம் ஷாஃப்டையும் டர்போவையும் ஜோடி சேர்த்தவர்களும் ஓய்வு பெற்று நம் நடுவே இருக்கிறார்கள். கரக்பூரிலும் பொன்மலையிலும் ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் நம் சங்கத்து வீடுகளிலும் உண்டு. அவர்கள் சொல்வதை யாராவது எழுதி வைக்க வேண்டும். கல்வெட்டைப் படி எடுப்பது போலவே இதுவும் வரலாற்றுப் பணிதான். அடுத்த மலருக்கு அப்படி ஒரு கட்டுரையை இளைஞர்கள் எழுதித் தந்தால், சங்கத்தார் இடம் ஒதுக்குவார்கள் என்று நம்புகிறேன்.