ஒரே மேசையில் நண்பர்: இருபதாம் நூற்றாண்டுச் சென்னை உணவகங்களும் சேர்ந்துண்ணலின் சமூக வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

நண்பர்கள் கூடி உணவகத்தில் உண்பது இன்றைய நகர வாழ்வில் இயல்பான ஒன்றாகக் கருதப்படுகிறது. சென்னையைப் பொறுத்தவரை இவ்வழக்கம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் உருப்பெற்றது. அது எளிதில் கைவந்ததும் அன்று. உணவகத்திற்குள் நுழையும் உரிமை குறித்த வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. நுழைந்தபின் யார் யாருடன் ஒரே மேசையில் அமர முடிந்தது என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. பலகாரம், மேசை, பெயர்ப்பலகை, குடும்ப அறை ஆகியவற்றின் வழி அவ்வினாவிற்கு விடை தேடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சேர்ந்துண்ணல், காபி கிளப், பந்தி, பலகாரம், பெயர்ப்பலகைப் போராட்டம், குடும்ப அறை, சென்னை

முன்னுரை

உணவை விலைக்கு விற்பது தமிழகத்திற்குப் புதிதன்று. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் கூவியர் அப்பம் விற்றதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மதுரைக் கடைத்தெருக்களின் தின்பண்டங்களை மதுரைக்காஞ்சி பட்டியலிடுகிறது. ஆயினும், விற்பனைக்கு உணவு இருந்தது என்பதும், ஒத்த உரிமையுடைய இருவர் ஓரிடத்தில் அமர்ந்து, உரையாடி, பொருள் கொடுத்து உண்டனர் என்பதும் வெவ்வேறு செய்திகள். இவ்வேறுபாட்டைக் கருதாமல் சங்க காலத்திலேயே உணவகங்கள் இருந்தன என எழுதிவிடும் போக்கு நம் கட்டுரைகளில் மிகுதி.

பழந்தமிழ் மரபில் வெளியாரோடு உண்ணும் நிகழ்வுக்கு வழங்கிய சொல் விருந்து. புதுமை என்பதே அதன் அடிப்படைப் பொருள். தொல்காப்பியமும் அச்சொல்லை அப்பொருளில் ஆள்கிறது. விருந்தோம்பலில் உணவு அளிப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். பிற்காலச் சத்திரங்களிலும் இவ்வுறவே நிலவியது. அங்கு வழிப்போக்கர்க்கு உணவு கிடைத்தது, ஆனால் சாதிவாரியாகப் பிரித்தே பரிமாறப்பட்டது. நண்பர்கள் உணவகத்தில் கூடும்போது இவ்வமைப்பு மாறுகிறது. இருவருமே விருந்தினர், விருந்து தருபவர் எவருமிலர். கல்லாவில் அமர்ந்திருப்பவர்க்கு இருவரும் வாடிக்கையாளர் மட்டுமே. இந்தச் சமநிலை எவ்வாறு வந்தது?

காப்பியும் காப்பிக் கடையும் தமிழ் நடுத்தர வகுப்பின் உருவாக்கத்தோடு கொண்ட உறவை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வாய்வு திறந்துவைத்த களத்திலேயே இக்கட்டுரையும் நிற்கிறது. எனினும், இங்குக் கவனம் பானத்தின்மீது அன்று, மேசையின்மீது.

பந்தியிலிருந்து மேசைக்கு

வீட்டு விழாக்களில் உண்ணும் முறை பந்தி. தரையில் வரிசையாக அமர்தல், அனைவர்க்கும் ஒரே உணவு, ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் எழுதல் என்பன அதன் விதிகள். பந்தியில் பக்கத்தில் அமர்பவர் யார் என்பது சமூகத் தகுதியை அறிவிக்கும் செயல். எனவேதான் சாதி எதிர்ப்பு இயக்கங்கள் சமபந்தி உணவை அரசியல் வடிவமாகவே மேற்கொண்டன. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்ட செய்தி 1924–25இல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. இருவர் உண்ணும் இடம் ஓர் இயக்கத்தின் போக்கை மாற்றக்கூடியதாக இருந்த காலம் அது.

உணவக மேசை இவ்விதிகளைத் தளர்த்தியது. எதிரெதிரே அமர்தல், அவரவர் விரும்பியதை வெவ்வேறு நேரத்தில் கேட்டுப் பெறுதல், ஒருவர் உண்ண மற்றவர் காப்பியோடு நிறுத்திக்கொள்ளுதல் ஆகியன பந்தியில் இயலாதவை. இவற்றினும் முதன்மையானதாக இவ்வாய்வாளர் கருதுவது பலகாரத்தின் பங்கு. ஆசாரமான பிராமண இல்லங்களில் சோறு ‘பத்து’ என்னும் கடுமையான தீட்டு வரையறைக்கு உட்பட்டது. விரத நாளில் சோற்றை விலக்கியவர்கள் பலகாரம் உண்டனர். ‘இன்று சாப்பாடு இல்லை, பலகாரம்தான்’ என்னும் வழக்கே இவை இரண்டும் வெவ்வேறு வகை எனக் கருதப்பட்டதற்குச் சான்று. இட்லி போன்றவற்றில் வீட்டுக்கு வீடு நடைமுறை வேறுபட்டிருக்கலாம். ஆனால் பொதுவாகப் பலகாரத்தின்மீதான கட்டுப்பாடு சோற்றின்மீதானதை விடத் தளர்வானது. டிபன் என்னும் பெயரில் பலகாரமும் காப்பியும் நகரில் விற்பனைக்கு வந்தபோது, சாப்பாட்டின் விதிகளை நேரடியாக மீறாமலேயே வெளியாரோடு ஏதேனும் உண்ண ஒரு வாய்ப்பு உண்டாயிற்று. பிறர் வீட்டில் சோறு உண்ண மாட்டாதவரும் அவரோடு கடையில் காப்பி அருந்தலாம். நட்பு முதலில் நுழைந்தது இவ்விடைவெளி வழியாகவே எனலாம்.

டவரா தம்ளரையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். உதடு படாமல் தூக்கிக் குடிப்பதற்கு ஏற்ற கலம் அது. ஒரு காப்பியை வாங்கி இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் ‘ஒன் பை டூ’ வழக்கத்தை வறுமையின் அல்லது சிக்கனத்தின் அடையாளமாக மட்டும் காண்பது போதாது. எச்சில் விதியைக் கடவாமல் ஒரே பானத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழியும் அதுவே.

இக்கடைகளுக்கு வழங்கிய ‘காபி கிளப்’ என்னும் பெயரில் ஒரு நகைமுரண் உண்டு. 1832இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் கிளப் ஐரோப்பியர்க்கு உரியது. இந்தியர்க்கு அங்கு இடமில்லை. 1873இல் தோன்றிய காஸ்மோபாலிடன் கிளப்பும் உயர்நிலை இந்தியர்க்கே உரியதாயிற்று. உறுப்பினர் அல்லாதாரை வெளியே நிறுத்துவதற்கென அமைந்த ஒரு நிறுவனத்தின் பெயர், காசு கொடுப்பவர் எவரும் நுழையலாம் என எண்ணத் தோன்றும் கடைக்குக் ‘கிளப்புக் கடை’ என வந்து சேர்ந்தது. அக்கடையும் எல்லாரையும் ஒருங்கே அமர்த்தவில்லை என்பதை அடுத்துக் காணலாம்.

பெயர்ப்பலகை

கல்வி, அலுவல் ஆகியவற்றின் பொருட்டுச் சென்னைக்கு வந்த இளைஞர்கள் முதலில் எதிர்கொண்ட இடர் உணவும் உறையுளும். பிராமணரல்லாத மாணவர்க்கு விடுதிகளிலும் உணவுக் கடைகளிலும் இடம் மறுக்கப்பட்ட சூழலில், 1910களின் நடுப்பகுதியில் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியை அமைத்தார். திராவிட அரசியலின் தொடக்கத்தை 1916ஆம் ஆண்டின் அறிக்கையிலிருந்து எழுதுவதே வழக்கம். ஒரு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்தும் அதை எழுதலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘பிராமணாள்’ என்ற சொல்லைத் தாங்கிய பலகைகள் நகரெங்கும் இருந்தன. சமைப்பவரின் சாதியை அறிவிப்பது அவற்றின் ஒரு பணி. உண்பவர்க்கும் அவை ஓர் ஒழுங்கைக் கற்பித்தன. பல கடைகளில் பிராமணர்க்கு உட்பகுதியில் தனியிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் ஒதுக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு நுழைவே இல்லை. அலுவலகத்தில் ஒரே அறையில் பணிபுரிந்த இருவர் பகலுணவு இடைவேளையில் சேர்ந்து நடந்து வந்து, கடை வாசலைக் கடந்ததும் பிரிந்து அமர வேண்டிய நிலை இதனால் எழுந்தது. தொடர்வண்டி நிலைய உணவுக் கூடங்களிலும் இப்பிரிவினை நிலவியது. பெரியாரும் அவர்தம் இயக்கத்தவரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941இல் அது நீக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் சட்டநிலை தெளிவாயிற்று. அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி முதலியவற்றின் அடிப்படையில் எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் உணவகத்தில் நுழைவதைத் தடுப்பதோடு, அங்குப் பொதுப் பயன்பாட்டிற்கு வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. கலம் தனியே குறிக்கப்பட்டது கருதத்தக்கது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நீடித்ததை நோக்க, சட்டம் இயற்றியோர் இடரின் இருப்பிடத்தை அறிந்திருந்தனர் என்பது விளங்கும். ஆயினும், சட்டம் வரையறுத்தது வாடிக்கையாளர்க்கும் கடைக்காரர்க்கும் இடையிலான உறவை. வாடிக்கையாளர் இருவர் தமக்குள் எவ்வாறு அமர்வர் என்பதில் சட்டத்திற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

1957ஆம் ஆண்டுப் போராட்டத்தை இப்பின்னணியில் நோக்க வேண்டும். திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி, அவ்வாண்டு மே மாதம் பெரியார் மறியலைத் தொடங்கினார். தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதாயினர். மாதக்கணக்கில் இது தொடர்ந்தது. முடிவில் பலகை மாற்றப்பட்டது. நுழைவுத் தடை சட்டப்படி நீங்கிய பின்னர் ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சிறை செல்ல வேண்டுமா என அன்றே வினவினர். இன்றும் வினவுவோர் உளர். ஒருவரைப் பிராமணாள் என்றால் மற்றவரைச் சூத்திரர் என்றதாகும் என்பது பெரியாரின் விடை. அவ்விடை நண்பர்களுக்கு வேறொரு வகையிலும் பொருந்தும். பலகையின்கீழ் நுழையும் இரு நண்பர்களுள் ஒருவரை அச்சொல் வீட்டிற்கு உரியவராகவும் மற்றவரைப் பொறுத்துக்கொள்ளப்பட்டவராகவும் ஆக்குகிறது. உணவு ஒன்று, விலை ஒன்று. அமர்வு மட்டும் ஒன்றன்று. 2012இல் திருவரங்கத்தில் ஒரு கடைப் பலகையில் இச்சொல் மீண்டும் தோன்றியபோது எழுந்த எதிர்ப்பு, இச்சிக்கல் பழங்கதையாகிவிடவில்லை என்பதைக் காட்டியது.

உயர்தர சைவம்

சாதிப்பெயர் மறைந்த பலகைகளில் இன்றளவும் பரவலாகக் காணப்படும் தொடர் ‘உயர்தர சைவ உணவகம்’ என்பதாகும். உயர்தரம் என்பது சமையலின் தூய்மையையும் சுவையையும் குறிப்பதாகக் கொள்ளலாம். சைவத்தின் தகுதியைக் குறிப்பதாகவும் கொள்ளலாம். இவ்விருபொருள் தற்செயலானது என இவ்வாய்வாளர்க்குத் தோன்றவில்லை. மறுபுறம் மவுண்ட் ரோட்டில் 1951இல் தொடங்கிய புகாரி போன்றவை பிரியாணியும் தேநீருமாக மற்றொரு நண்பர் வட்டத்திற்கு இடமளித்தன. மதுரைப் பகுதியின் வடக்கம்பட்டியை வேராகக் கொண்ட முனியாண்டி விலாஸ் கடைகள் அசைவச் சாப்பாட்டை எளிய விலைக்கு நகரங்கள்தோறும் கொண்டு சென்றன.

இதனால் நட்பின் எல்லை சாதிப் பெயரிலிருந்து உணவு வகைக்குப் பெயர்ந்தது. ஐவர் கொண்ட குழுவில் ஒருவர் சைவ உணவினர் என்றால் ஐவரும் சைவ உணவகத்திற்கே செல்கின்றனர். நால்வர் விட்டுக்கொடுத்தது எவர் கவனத்திற்கும் வருவதில்லை. நாகரிகமான இணக்கம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் இணங்குபவர் எப்போதும் ஒரே தரப்பினராக இருப்பது ஆய்வுக்குரியது.

குடும்ப அறை

உணவக நட்பைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் வருவோர் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் உணவகத்தில் உண்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தகாததாகவே கருதப்பட்டது. பின்னர் உணவகங்கள் தடுப்போ திரையோ கொண்ட ‘பேமிலி ரூம்’ என்னும் பகுதியை அமைத்தன. பெண்ணுக்கு அது கதவைத் திறந்தது உண்மையே. எவருடைய மனைவியாகவோ மகளாகவோ வருபவர்க்கே திறந்தது என்பதும் உண்மை. அலுவலகத் தோழியர் இருவர் மட்டும் வந்து அமர்ந்தால் அவர்களும் அந்த அறைக்கே அனுப்பப்பட்டனர். தோழமையைக் குறிக்க உணவகத்தின் சொற்களில் இடமில்லாமையால் அவர்களும் குடும்பமாயினர். பெண்களின் உணவக நட்பை எழுத விழைவோர் அச்சான நினைவுக் குறிப்புகளை விட வாய்மொழி வரலாற்றையே நாட வேண்டியிருக்கும்.

மேசையின் நேரம்

உணவக உரிமையாளர்க்கு மேசை என்பது மணிக்கணக்கில் வருவாய் தரும் பொருள். ஒரு காப்பியோடு ஒரு மணி நேரம் அமரும் நண்பர்கள் அவர்க்கு இழப்பு. ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்னும் அறிவிப்பு சச்சரவுக்கு அஞ்சி எழுதப்பட்டதாயினும், பேச்சு நீண்டால் மேசை காலியாகாது என்னும் கணக்கும் அதிலிருந்தது. அவ்வறிவிப்பு அத்தனை கடைகளில் தேவைப்பட்டமையே அங்கெல்லாம் அரசியல் பேசப்பட்டதற்குச் சான்று.

இக்கணக்கிற்கு விலக்காக அமைந்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்து, 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவின் நிறுவனம் 1962இல் கதீட்ரல் சாலையில் இதைத் திறந்தது. காரிலிருந்தே உண்பதற்கென வகுக்கப்பட்ட இடம். சாளரத்தில் தட்டுகளைப் பொருத்திப் பரிமாறினர். ஆனால் அதை நகரின் நினைவில் நிறுத்தியவர்கள் கார் இல்லாமல் நடந்து வந்தவர்கள்: மாணவர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், திரைத்துறையில் வாய்ப்புத் தேடியோர், எழுத்தாளர்கள். மரநிழலும் இடப்பரப்பும் மிகுதியாக இருந்தமையால் எழுப்பிவிட வேண்டிய அவசியம் பரிமாறுவோர்க்கு இல்லை. இவ்வளவு நேரம் கிடைத்தது உரிமையாளரின் பெருந்தன்மையால் மட்டுமன்று. நகரின் நடுவில் பல ஏக்கர் நிலம் குத்தகையில் கிடைத்ததே அதன் பொருளியல் அடிப்படை. நிலம் குறித்த வழக்கில் அரசின் உரிமை நிலைபெற்றபின் 2008இல் உணவகம் மூடப்பட்டது. அதன் பின்னர்ப் பெருகிய தன்சேவை உணவகங்களில் நின்றபடியே உண்ணும் உயர்ந்த மேசைகள் வந்தன. அவற்றிற்கு நாற்காலி இல்லை. டிரைவ்-இன் இருந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மரங்கள் பல அங்கு நிற்கின்றன. அவற்றின்கீழ் அமர நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.